பாலைப் பள்ளத்தாக்குகள் வழியே பாறை வளைவுகளைக் காண நடப்பது: திட்டம் சரியா?

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குச் செல்கிறோம். மோவாப் ஊரில் தங்கிக்கொண்டு, சுற்றியுள்ள பாலை நிலத்தில் இயற்கையாக உருவான பாறை வளைவுகளை நடந்தே சென்று பார்க்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். இருவரும் மலைப்பாதைகளில் நடந்து பழகியவர்கள். ஆனால் அவையெல்லாம் மரமும் ஓடையும் உள்ள பாதைகள். பாலை நிலத்தில் நடந்த அனுபவம் இல்லை.

டெலிகேட் ஆர்ச், லேண்ட்ஸ்கேப் ஆர்ச், டபுள் ஓ ஆர்ச், கொரோனா ஆர்ச், மேசா ஆர்ச், ட்ரூயிட் ஆர்ச், நேச்சுரல் பிரிட்ஜஸ் பகுதியின் மூன்று பாலங்கள், எஸ்கலான்ட் பக்கத்தில் உள்ள கயோட்டி கல்ச் பள்ளத்தாக்கு, முடிந்தால் ரெயின்போ பிரிட்ஜ் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கும் குறைவான காலத்தில் இவை அனைத்தையும் பார்த்துவிட முடியுமா? எதை விடலாம், எதை விடவே கூடாது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கல்லடுக்கு எழுதியது:

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பட்டியலைப் பாதியாகக் குறைத்தால்தான் இந்தப் பயணம் நடைபயணமாக இருக்கும், இல்லையென்றால் அது கார்ப் பயணமாகிவிடும். கயோட்டி கல்ச்சும் ரெயின்போ பிரிட்ஜும் மோவாபிலிருந்து வெகுதூரம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பயணம் வேண்டும்.

என் பார்வையில் வளைவை மட்டும் பார்ப்பதைவிட, அதற்குச் செல்லும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே போவதுதான் முக்கியம். வளைவு எப்படி வந்தது என்ற கதை முழுவதும் வழியில்தான் இருக்கிறது. ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடல் மீண்டும் மீண்டும் வற்றியதால் மிகத் தடிமனான உப்புப் படுகை ஒன்று உருவானது. அதன் மேல் மணலும் வண்டலும் படிந்து, இறுகிக் கல்லாயின. மேலிருந்த பாறைகளின் எடையைத் தாங்க முடியாத உப்பு நிலத்தடியில் மெல்ல நகர்ந்து ஓரிடத்தில் புடைத்து எழ, அதன் மேலிருந்த மணற்கல் அடுக்குகள் இணைகோடுகளாக விரிசல் விட்டன. விரிசல்களில் மழைநீரும் பனிநீரும் இறங்கி அவற்றை அகலப்படுத்திய பின் எஞ்சியவைதான் அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள் போல வரிசையாக நிற்கும் மெல்லிய பாறைச் சுவர்கள். அந்தச் சுவர்களின் அடிப்பகுதியில் மணலைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்புப் பசையை நீர் கரைக்கிறது. குளிர்காலத்தில் விரிசலுக்குள் நீர் உறைந்து விரியும்போது பாறை சில்லு சில்லாக உடைந்து விழுகிறது. குழிவு ஆழமாகிச் சுவரின் மறுபக்கம் வரை ஊடுருவிவிட்டால் வளைவு பிறக்கிறது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காற்றுதான் இவற்றைச் செதுக்கியது என்று பலர் நம்புகிறார்கள். காற்றின் பங்கு சிறிது; வேலை செய்தது பெரும்பாலும் நீர்தான். டெவில்ஸ் கார்டன் பாதையில் நடக்கும்போது இரு சுவர்களுக்கு நடுவே நின்று, சுவரின் அடியில் விரலை வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். சிவந்த மணல் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். அவ்வளவு எளிதில் உதிரும் கல் அது. அதே சுவரில் சற்றுத் தள்ளி, ஆளுயரத்துக்குக் கீழே அரைவட்டமாக ஒரு குழிவு தொடங்கியிருப்பதையும் காண்பீர்கள். அதற்குப் பெயரும் இல்லை, பலகையும் இல்லை. பூங்காவில் பதிவாகியுள்ள வளைவுகள் 2,000-க்கும் மேல். ஏதாவது ஒரு திசையில் 3 அடி அளவுக்குத் திறப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு அல்லது ஒரு பாதை. டெவில்ஸ் கார்டனுக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை பாதை எளிது. அதைத் தாண்டிய பிறகுதான் பாறை முதுகுகளின் மேல் ஏறி நடக்கும் பகுதி வருகிறது. கரடுமுரடான சுற்றுப்பாதையையும் சேர்த்து நடந்தால் மொத்தம் 7.9 மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் அந்தச் சுற்றுப்பாதையை விட்டுவிட்டு, போன வழியே திரும்புங்கள்.

நிழல்தேடி எழுதியது:

கல்லடுக்கு சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் எதைப் பார்ப்பது என்பதற்கு முன் எவ்வளவு தண்ணீர் தூக்குவது என்பதைத் தீர்மானியுங்கள். மரமுள்ள மலையில் நடந்து பழகியவர்கள் பாலை நிலத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இதில்தான். ஓடை வரும், சுனை வரும் என்று உடம்பும் மனமும் பழகியிருக்கும். இங்கே வராது.

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் என்பது அந்தப் பகுதிப் பூங்காக்கள் சொல்லும் பொதுக் கணக்கு. வெயில் கூடினாலோ தூரம் கூடினாலோ அதற்கு மேலும் வேண்டும். காற்று மிகவும் வறண்டிருப்பதால் வியர்வை தோலில் நிற்காமல் உடனே ஆவியாகிவிடும்; வியர்க்கவே இல்லை என்று தோன்றும். ஆனால் சட்டையின் முதுகில் உப்புக் கோடு விழுந்திருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கூடவே உப்புள்ள தின்பண்டமும் இருக்க வேண்டும். உப்பு சேராமல் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அது தனி ஆபத்தாகிவிடும்.

கோடையில் அங்கே வெப்பம் 38 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அக்டோபர் முதல் வாரம் அதைவிட நல்ல காலம். ஆனாலும் பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடும். காலையில் கம்பளிச் சட்டை தேவைப்படும். நண்பகலில் மணற்பாறையின் சூடு காலணிக்குள் ஏறும். டெலிகேட் ஆர்ச் பாதை போய்வர 4.8 கிலோமீட்டர்தான், ஏற்றமும் 150 மீட்டருக்குள்தான். எண்களைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும். ஆனால் அதன் நடுவே வரும் வெறும் பாறைச் சரிவில் ஒரு செடியின் நிழல்கூடக் கிடையாது, வழியில் தண்ணீரும் கிடையாது. அந்தச் சரிவில் நண்பகலில் ஏறுவதும் காலை எட்டு மணிக்கு ஏறுவதும் வெவ்வேறு பயணங்கள்.

இன்னொன்று, திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். கொண்டு வந்த தண்ணீரில் பாதி தீர்ந்த இடம் எதுவோ, அதுதான் திரும்ப வேண்டிய இடம். வளைவு இன்னும் கண்ணில் படாவிட்டாலும் சரி.

புதுத்தடம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பட்டியலைக் குறைக்க மனதைத் தயார் செய்துவிட்டேன். ஆனாலும் கயோட்டி கல்ச்சை விட மனம் வரவில்லை. ஓடை ஓடும் பள்ளத்தாக்கின் அடியிலேயே நடந்து, பெரிய வளைவுகளின் கீழே கடந்து செல்லும் படங்களைப் பார்த்த பிறகு, எங்கள் கனவே அதுதான் என்று ஆகிவிட்டது. அதே பகுதியில் தோள் உரசும் அளவுக்குக் குறுகிய பாறை இடுக்குப் பள்ளத்தாக்குகளும் இருப்பதாகப் படித்தேன். ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்க முடியுமா? வானம் தெளிவாக இருந்தால் போதும்தானே?

ஆற்றுவழி எழுதியது:

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிர் தொடர்பானது. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருப்பது போதாது.

பாலை நிலத்துப் பாறை, மழையை உறிஞ்சாது. மேட்டுப்பகுதியில் எங்கோ பெய்த மழை அப்படியே வழிந்து சிற்றோடைகளாகச் சேர்ந்து, சேர்ந்த மொத்தமும் ஒரு குறுகிய இடுக்குக்குள் நுழையும்போது நீர்மட்டம் ஒரே பாய்ச்சலில் ஆளுயரத்தைத் தாண்டிவிடும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் இப்படித்தான் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை அநேகமாக இல்லை. பல கிலோமீட்டர் தொலைவில் இடிமழை பெய்திருந்தது. 2015 செப்டம்பரில் சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் 7 பேர் இறந்ததும் திடீர் வெள்ளத்தில்தான். எனவே பார்க்க வேண்டியது உங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தை அல்ல. அந்தப் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் எந்தப் பரப்பிலிருந்து வடிந்து வருகிறதோ, அந்தப் பரப்பு முழுவதற்குமான வானிலை அறிக்கையை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். அக்டோபரில் அந்த ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. இடுக்கில் நடக்கும்போது சுவரில் தலைக்கு மேலே மரக்கட்டை சிக்கியிருப்பதைக் கண்டால், முன்பு வந்த வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அத்தகைய இடங்களில் மேலேறி ஒதுங்க வழியே இராது.

இனி கயோட்டி கல்ச். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் பள்ளத்தாக்கு அது, பாலை நிலத்தில் பெரிய பேறு. ஜேக்கப் ஹாம்ப்லின் ஆர்ச், கயோட்டி நேச்சுரல் பிரிட்ஜ், கிளிஃப் ஆர்ச் என்று வரிசையாக வரும். ஓடை எஸ்கலான்ட் ஆற்றில் சேரும் இடத்துக்கு அருகே, மிக உயரத்தில் ஸ்டீவன்ஸ் ஆர்ச் தெரியும். ஜேக்கப் ஹாம்ப்லின் ஆர்ச்சின் எதிரே நவாஹோ மணற்கல் சுவர் உட்குழிந்து, ஊரே நிற்கக்கூடிய கூரையைப் போலக் கவிந்திருக்கும். ஓடையின் சலசலப்பு அந்தக் குழிவில் பட்டுத் திரும்பி வரும். சற்று அப்பால் பாறையிலிருந்து நீர் கசிந்து சொட்டும் இடத்தில் பலரும் புட்டிகளை நிரப்புவார்கள். அந்த நீரையும் வடிகட்டியே குடிக்க வேண்டும்.

ஆனால் அங்கே போவது எளிதல்ல. ஹோல் இன் த ராக் சாலை என்னும் நீண்ட மண்சாலையில் வண்டி ஓட்ட வேண்டும். மழை பெய்தால் அந்தச் சாலையே கடக்க முடியாததாகிவிடும். இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம், மனிதக் கழிவையும் அதற்கான பையில் கட்டி வெளியே கொண்டு வந்துவிட வேண்டும். ஹரிக்கேன் வாஷ் வழியாக உள்ளே போனால் தொடக்கத்தில் நீரற்ற மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். குறுக்குவழி என்று சிலர் சொல்லும் செங்குத்துச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும்; பாலைப் பாறையில் பழகாதவர்களுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஓடையோரம் சில இடங்களில் புதைமணலும் உண்டு. பெரும்பாலும் முழங்கால் வரைதான் இழுக்கும். பதறி உதறாமல் உடலைச் சாய்த்து, காலை மெல்ல அசைத்து எடுத்தால் வந்துவிடும்.

இதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கி இன்னொரு முறை வாருங்கள். இம்முறை மோவாபுக்கு அருகே இருக்கும் கிராண்ட்ஸ்டாஃப் கேன்யனில் நடந்து பாருங்கள். அங்கேயும் ஓடை உண்டு. நீரைப் பலமுறை கடந்து கடந்து போனால் பள்ளத்தாக்கின் கோடியில் மார்னிங் குளோரி என்ற பாறைப் பாலம் இருக்கிறது. அதன் குறுக்களவு 243 அடி, அதாவது 74 மீட்டர். முதலில் அது சுவரோடு ஒட்டிய மாதிரியே தெரியும். அடியில் போய் அண்ணாந்து பார்த்தால்தான் பாறைக்கும் பாலத்துக்கும் நடுவே வானம் கீற்றாகத் தெரியும். அந்தக் கோடியில் சுனையைச் சுற்றி, மும்மூன்று இலைகளாக விடும் ஒரு செடி அடர்ந்து வளர்ந்திருக்கும். அது பாய்சன் ஐவி. தொட்டால் தோல் கொப்பளித்துப் பல நாள் வாட்டும். முழுக்கால் சட்டை அணிந்து செல்லுங்கள்.

அந்திவெயில் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் தொலைவான இடங்களையும் பெயரில்லாத வளைவுகளையும் பற்றியே பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். புகழ்பெற்ற வளைவுகளைக் கூட்டம் மிகுந்தவை என்று ஒதுக்குவது சரியல்ல. டெலிகேட் ஆர்ச் புகழ்பெற்றிருப்பது காரணமில்லாமல் அல்ல. கடைசிச் சில நூறு அடி தூரம் பாதை பாறைச் சுவரை ஒட்டிய மேடையாகச் செல்லும். அதுவரை வளைவு கண்ணில் படவே படாது. மேடை முடிந்து திரும்பியதும், பெரிய கிண்ணம் போன்ற பாறைச் சரிவின் விளிம்பில் அது ஒற்றையாக நிற்கும். சுற்றிலும் சுவர் இல்லை, துணைப் பாறை இல்லை. அதன் திறப்பு 46 அடி உயரம். பின்னால் லா சால் மலைகள். அந்தக் கணத்துக்காக மட்டுமே அந்தப் பாதையில் ஏறலாம்.

என் வயதான பெற்றோரோடு அந்தப் பகுதிக்குச் சென்றவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். எல்லாராலும் நாள் முழுவதும் மணலில் நடக்க முடியாது. டபுள் ஆர்ச்சும் விண்டோஸ் பகுதியும் மேசா ஆர்ச்சும் குறைந்த தூரத்தில் எட்டக்கூடியவை. சூரியன் எழும்போது மேசா ஆர்ச்சின் அடிவயிற்றில் படரும் செம்மையைக் கண்டு என் தாயார் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். நெடுந்தூரம் நடந்து சென்று பார்த்தால்தான் அனுபவம் முழுமையாகும் என்ற கருத்து, இத்தகையவர்களுக்கு அநீதி.

கூட்டத்தைப் பற்றிய கவலைக்கு வழி இருக்கிறது. சூரிய உதயத்துக்கு முன்பே பாதை தொடங்கும் இடத்தில் இருங்கள். ஆர்ச்சஸ் பூங்காவில் நெரிசல் மிகுந்த மாதங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்து நுழையும் முறையை 2022-இல் கொண்டுவந்தார்கள். இந்த ஏற்பாடுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், கிளம்புவதற்கு முன் பூங்காவின் அறிவிப்பைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். ஃபயரி ஃபர்னஸ் பகுதிக்குள் போக ஆண்டின் எந்தக் காலத்திலும் அனுமதிச் சீட்டு வேண்டும், அல்லது ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலர் அழைத்துச் செல்லும் குழுவில் சேர வேண்டும்.

கல்லடுக்கு எழுதியது:

அந்திவெயில் சொல்வது நியாயம். நடக்க முடியாதவர்களைக் குறைத்துச் சொல்வது என் எண்ணமல்ல; நடக்க முடிந்தவர்கள் அவசரப்பட வேண்டாம் என்பதே நான் சொல்ல வந்தது. புகழ்பெற்ற வளைவுகளை இன்றே பார்க்க வேண்டும் என்பதற்கு என்னிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அவை நிலையானவை அல்ல.

லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சின் குறுக்களவு 306 அடி என்று பூங்கா குறிப்பிடுகிறது; அதாவது 93 மீட்டர். 1991 செப்டம்பரில் அதன் அடிப்பக்கத்திலிருந்து 60 அடி நீளமுள்ள பாறைத் தகடு ஒன்று பெயர்ந்து விழுந்தது. அப்போது கீழே இருந்தவர்கள் பாறை விரிசல் விடும் சத்தம் கேட்டு விலகியதால் தப்பினார்கள். அதன் பிறகுதான் வளைவின் அடியில் செல்லும் பாதையை மூடினார்கள். இன்று வேலிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க முடியும். அதே டெவில்ஸ் கார்டன் பாதையில் இருந்த வால் ஆர்ச் 2008 ஆகஸ்ட் 4 இரவு முழுமையாக இடிந்து விழுந்துவிட்டது. நேச்சுரல் பிரிட்ஜஸ் பகுதியில் கச்சீனா பாலத்திலிருந்து 1992-இல் ஏறத்தாழ 4,000 டன் பாறை சரிந்தது.

இவ்வளவு உதிரும் கல் எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்ற கேள்வி என்னை விட்டதே இல்லை. 2014-இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் இதற்கு அழகான விடை ஒன்றைத் தந்தார்கள். மேலிருந்து எடை அழுத்தும் இடத்தில் மணல் துகள்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன; அந்த இடத்தை நீர் எளிதில் அரிப்பதில்லை. எடை தாங்காத துகள்கள் தளர்ந்து கழுவப்பட்டுவிடுகின்றன. அதாவது அரிப்பு, தேவையற்றதை நீக்கி, எடை பாயும் வழியை மட்டும் விட்டுவைக்கிறது. கொத்தன் சாரம் கட்டி, கணக்குப் போட்டு எழுப்பும் வடிவத்தை மழைநீர் கழித்துக் கழித்தே அடைகிறது. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளைவுகளின் மேல் அதிர்வுமானிகளை வைத்து, ஒவ்வொரு வளைவும் தனக்கே உரிய அலைவெண்ணில் இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அலைவெண் மாறினால் உள்ளே விரிசல் வளர்கிறது என்று அறியலாம்.

வளைவுக்கும் இயற்கைப் பாலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஓடும் ஆறு துளைத்தது பாலம். நேச்சுரல் பிரிட்ஜஸில், ஒயிட் கேன்யன் ஓடை பாம்பாக வளைந்து ஓடியபோது, இரு திருப்பங்களுக்கு நடுவே இருந்த மெல்லிய பாறைக் கழுத்தை இருபுறமும் அரித்து உடைத்து நேர்வழி கண்டது. சிப்பாப்பு பாலத்தின் அடியில் நின்றால் பழைய ஓடைப்படுகை எந்தப் பக்கம் சுற்றிப் போனது என்பதைக் கண்ணாலேயே தடம்பிடிக்க முடியும். அதற்கு இறங்கும் பாதை 150 மீட்டர் ஆழம், நடுவே மர ஏணிகள். உங்களுக்கு ஒரு நாள் மிஞ்சினால் அங்கே போங்கள்.

மென்பாதம் எழுதியது:

எங்கே போவது என்று நிறையப் பேசியாகிவிட்டது. எங்கே கால் வைக்கக் கூடாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

பாதையோரத்தில் மணல் கருத்து, சிறு சிறு முகடுகளாகப் புடைத்து, பார்வைக்குக் கருகிய மண்ணாகத் தெரியும் பரப்புகளைக் காண்பீர்கள். அது உயிருள்ள படலம். நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை, பாறைப்பாசி ஆகியவை சேர்ந்து மணல் துகள்களை இழைகளால் கட்டி வைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் தடுப்பதும், மண்ணில் நைட்ரஜனைச் சேர்ப்பதும், மழைநீரைப் பிடித்து வைப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டால் நொறுங்கிவிடும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எனவே பாதை, வெறும் பாறை, நீரோடிய மணல் தடம் ஆகிய மூன்றைத் தவிர வேறெங்கும் கால் வைக்காதீர்கள். நல்ல கோணத்தில் படம் எடுப்பதற்காக நாலடி விலகுவதும் இதில் அடங்கும்.

பாறைப் பரப்பில் மழைநீர் தேங்கிய சிறு குழிகள் இருக்கும். கலங்கலாகத் தெரியும் அந்த நீருக்குள், விரல் நகத்தளவு இறால் போன்ற உயிர்கள் நீந்திக்கொண்டிருக்கும். குழி வற்றினாலும் அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கையில் பூசிய சன்ஸ்கிரீன் கலந்தாலே அந்த நீர் கெட்டுவிடும். அதில் கை கழுவ வேண்டாம்.

பாறைப் பரப்பில் வழிகாட்டுவதற்காகச் சிறு கற்குவியல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகே நகருங்கள். புதிதாக நீங்கள் ஒன்றும் அடுக்காதீர்கள். விளையாட்டாக வைத்த குவியல் பின்னால் வருபவரை விளிம்புக்கு அழைத்துச் சென்றுவிடும்.

வளைவின் மேல் ஏறுவது பற்றியும் சொல்ல வேண்டும். 2006-இல் ஒருவர் டெலிகேட் ஆர்ச்சின் மேல் ஏறியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதைத் தொடர்ந்து பூங்கா விதிகளைக் கடுமையாக்கியது. கொரோனா ஆர்ச்சில் கயிறு கட்டி ஊஞ்சலாடும் பழக்கம் பரவி, 2013-இல் ஓர் இளைஞர் அதில் உயிரிழந்தார். இன்று அங்கே போகிறவர்கள் பாறையில் பதித்த கம்பியைப் பிடித்து ஏறி, சிறு ஏணி ஒன்றைக் கடந்து, வளைவின் அடியில் அமர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது போதும்.

உங்கள் பட்டியலில் உள்ள ரெயின்போ பிரிட்ஜ் குறித்து ஒரு வேண்டுகோள். 1910-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பாலம் நவாஹோ மக்களுக்கும் அப்பகுதியின் பிற பூர்வகுடி மக்களுக்கும் புனித இடம். அதன் அடியில் நடந்து செல்ல வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறது. லேக் பவல் நீர்த்தேக்கத்தில் படகில் போகலாம். நீர்மட்டம் தாழ்ந்தால் படகுத்துறையிலிருந்து நடக்கும் தூரம் நீளும். நவாஹோ மலையைச் சுற்றி நடந்து போக வேண்டுமானால் நவாஹோ மக்களின் தன்னாட்சி அரசான நவாஹோ நேஷனின் அனுமதி வேண்டும். எப்போது போனாலும், நம் ஊர்க் கோயில் கருவறை வாசலில் எப்படி நிற்போமோ அப்படி அங்கே நில்லுங்கள்.

புதுத்தடம் எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மனைவியிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். கயோட்டி கல்ச்சும் ரெயின்போ பிரிட்ஜும் இம்முறை இல்லை. டெவில்ஸ் கார்டனுக்கு ஒரு முழு நாள். டெலிகேட் ஆர்ச்சுக்கு விடியற்காலை. கிராண்ட்ஸ்டாஃப் கேன்யனுக்கு ஒரு நாள். நேச்சுரல் பிரிட்ஜஸுக்கு ஒரு நாள். மீதமிருக்கும் ஒரு நாளில் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவின் நீடில்ஸ் பகுதியில் ட்ரூயிட் ஆர்ச் வரை போகலாம் என்று நினைக்கிறோம். பள்ளத்தாக்கின் அடியிலேயே நடந்து வளைவை அடையும் பாதை என்பதால், கயோட்டி கல்ச்சுக்கு ஓரளவு ஈடாக இருக்கும் என்று தோன்றுகிறது. எங்களால் முடியுமா?

ஆற்றுவழி எழுதியது:

நல்ல தேர்வு. உங்கள் பட்டியலிலேயே நான் முதலில் வைப்பது ட்ரூயிட் ஆர்ச்தான். போய்வர ஏறத்தாழ 17 கிலோமீட்டர். மலையில் நடந்து பழகியவர்களால் முடியும். ஆனால் மோவாபிலிருந்து நீடில்ஸ் வரை வண்டிப் பயணமே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. எனவே இருட்டிலேயே கிளம்ப வேண்டும்.

எலிஃபன்ட் ஹில் என்னும் இடத்தில் பாதை தொடங்குகிறது. முதலில் பாறை முதுகுகளின் மேல் ஏறி இறங்கி, இரு சுவர்களுக்கு நடுவே சில இடுக்குகளில் புகுந்து, பிறகு எலிஃபன்ட் கேன்யனின் அடியில் இறங்குவீர்கள். அங்கிருந்து ஓடைப்படுகைதான் பாதை. மணல், கூழாங்கல், பாறைப் படி என்று மாறி மாறி வரும். மணலில் நடையின் வேகம் பாதியாகிவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பெரும்பாலான நாட்களில் ஓடை வறண்டிருக்கும். சில குழிகளில் நீர் தேங்கியிருக்கலாம், அதை நம்பிப் போகக் கூடாது. சுவர்களில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையாக ஓடுவதைப் பார்ப்பீர்கள். செடார் மேசா மணற்கல்லின் அடையாளம் அது. கடற்கரை மணல்மேடுகள் வெண்பட்டைகளாகவும், மலைகளிலிருந்து ஆறுகள் கொண்டு வந்த இரும்புச்சத்துள்ள மண் செம்பட்டைகளாகவும் படிந்திருக்கின்றன.

முடிவில் பள்ளத்தாக்கு மூடிக்கொள்வது போல் நெருங்கும். அங்கே ஒரு சிறிய இரும்பு ஏணியும், கைகளால் பாறையைப் பிடித்து ஏற வேண்டிய ஒரு செங்குத்து ஏற்றமும் உண்டு. ஏறும்போது எளிதாக இருக்கும். இறங்கும்போதுதான் கால் தேடும். பாறையில் எப்போதுமே ஏற்றத்தைவிட இறக்கம் கடினம். எனவே உங்களால் இறங்க முடியும் என்று உறுதியாகத் தெரியாத எதன் மேலும் ஏறாதீர்கள். மேலே போய்த் திரும்பினால் ட்ரூயிட் ஆர்ச் பக்கவாட்டில் நிற்கும். மற்ற வளைவுகளைப் போல வில்லாக வளைந்திராமல், பெருங்கற்களை நிறுத்தி மேலே குறுக்காகக் கல் வைத்த வாயில் போலிருக்கும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சை நினைவூட்டுவதால்தான் அந்தப் பெயர். காலை வெயில் அதன் மேல் நேராக விழும் நேரத்தில் அங்கே இருக்கப் பாருங்கள்.

நிழல்தேடி எழுதியது:

அக்டோபர் தொடக்கத்தில் அங்கே மாலை ஏழு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கின் அடியில் அதற்கும் முன்னதாகவே இருட்டும். ஆளுக்கொரு தலைவிளக்கு கட்டாயம் வேண்டும். கைபேசி விளக்கை நம்பாதீர்கள். பள்ளத்தாக்குக்குள் கைபேசித் தொடர்பும் இராது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொண்டு, காகித வரைபடம் ஒன்றையும் பையில் வையுங்கள். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள், திரும்பாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தங்கும் விடுதியிலோ வீட்டாரிடமோ எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ட்ரூயிட் ஆர்ச் நாளுக்கு ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியிலும் தனியாக ஒரு கேன் இருக்கட்டும். முதல் நாளே ட்ரூயிட் ஆர்ச் நடையை வைக்காதீர்கள். டெவில்ஸ் கார்டனில் நடந்து, அந்த வெயிலும் பாறையும் உங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துவருகின்றன என்று பார்த்த பிறகு, மூன்றாவது நாளுக்கு மேல் வையுங்கள். முந்தைய நாள் மாலை நீடில்ஸ் பகுதியின் பார்வையாளர் மையத்தை அழைத்து வானிலையும் பாதையின் நிலையும் கேட்டுவிடுங்கள். மழை என்று சொன்னால் அன்று நேச்சுரல் பிரிட்ஜஸின் மேல்விளிம்புச் சாலையில் இருந்தபடியே மூன்று பாலங்களையும் பார்த்துவிட்டு, ட்ரூயிட் ஆர்ச்சை அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.